திறக்க மறுத்த பட்டாளத்துக் கத்தி

“அந்தக் கத்தி திறக்காதுங்க” என்று அந்தப் பெண் மறுபடியும் சொன்னாள்.

அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அத்தை என்றால் என் மாமியார். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யாக நஷ்டஈடு கேட்டு வந்தவர்களைக் காலமெல்லாம் அழவைத்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு எங்கள் வீட்டு முன்னறையில் துப்பறியும் நிலையம் திறந்தவர். என் மனைவி வேலைக்குப் போகிறாள். நான் மாமியாரோடு போகிறேன். ஸ்கூட்டர் ஓட்டுவதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும் என் பொறுப்புகள். முதல் பொறுப்பில் எனக்கு நல்ல பெயர்.

“திறக்காதுன்னா எப்படிம்மா? கஷ்டப்பட்டாத் திறக்குமா, இல்ல திறக்கவே திறக்காதா?”

“திறக்கவே திறக்காதுங்க. பழைய சாமான் சந்தையில வாங்கிட்டு வந்த அன்னைக்கே துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஸ்பூன் காம்பை விட்டு நெம்பினார். ஸ்பூன் வளைஞ்சுது. பல்லால கடிச்சு இழுத்தார்.” அவள் கொஞ்சம் தயங்கினாள். “முன்பல்லு ஓரம் உடைஞ்சுது.”

“அப்புறம் எதுக்குங்க அதைச் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சார்?” என்றேன்.

“பட்டாளத்துக் கத்தி, கெத்தா இருக்குங்கறார். சங்கிலி போட்டு பெல்ட்ல தொங்க விட்டுக்குவார். பார்சல் கயிறு அறுக்கணும்னா மட்டும் என் கத்தரிக்கோலை எடுத்துட்டுப் போவார்.”

சிரிப்பை அடக்குவதற்காக நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் சிரிக்கும் நிலையில் இல்லை. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். புறங்கையில் பழைய சூட்டுத் தழும்புகள். கண்ணைப் பார்த்தால் நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று தெரிந்தது.

விஷயம் இதுதான். அவள் கணவன் பார்சல் கம்பெனியில் வேன் டிரைவர். புதன்கிழமை மாலை, ஒரு பெரிய வித்வானின் பழைய வயலின் அவன் வேனில் ஏற வேண்டும். ஏறியது பெட்டி மட்டும்தான். பெட்டியைச் சுற்றியிருந்த தோல் பட்டைகள் அறுபட்டிருந்தன, வயலின் இல்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில் அவனுடைய கத்தி கிடந்தது. அதற்குள் அவன் இன்னொரு வேனில் வேறு லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். நேற்று திரும்பி வந்ததும் வீட்டு வாசலிலேயே பிடித்துவிட்டார்கள். நாளைக் காலை நீதிபதி முன்னால் நிறுத்துவார்கள். அங்கிருந்து நேராகச் சிறை.

“அவருக்குத் திருடற அளவுக்கு சாமர்த்தியம் கிடையாதுங்க” என்றாள். “கடையில பாக்கிச் சில்லறை கம்மியா குடுத்தாக் கூடக் கேட்கத் தெரியாது. அவர் உள்ள போயிட்டா அங்க எப்படிங்க இருப்பார்? எனக்கு பயமா இருக்கு.”

“கத்தியைக் காணோம்னு எப்பத் தேடினார்?”

“புதன்கிழமை மத்தியானம். யூனிஃபார்ம் மாத்தும்போது பெல்ட்டைக் கழட்டி ஆபீஸ்ல மாட்டியிருக்கார். திரும்பிப் பாத்தா சங்கிலி மட்டும் இருக்கு.”

“நல்லது. திறக்காத கத்தியால தோல் பட்டையை அறுக்க முடியாது” என்று அத்தை கைப்பையை எடுத்தார். “வாங்க மாப்பிள்ளை. இந்தக் கேஸ் சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிஞ்சுடும்.”

அத்தை இப்படிச் சொன்ன எந்த நாளிலும் நான் நேரத்துக்குச் சாப்பிட்டதில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்ததும், உறவுக்காரர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். சுத்தமான மனிதர். மேஜைமேல் ஃபைல்கள் ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன. டம்ளரில் ஊசிபோலச் சீவிய பென்சில்கள்.

“ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாதா உங்களுக்கு?” என்றார்.

“வேலைக்குப் போறவங்களுக்குத்தான் இன்ஸ்பெக்டர் லீவு. நாங்க வீட்ல இருக்கறவங்க” என்றார் அத்தை. “அந்தக் கத்தியை ஒரு தடவை பார்க்கலாமா?”

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மாறாக முகம் மலர்ந்தது. இழுப்பறையைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றியிருந்ததை எடுத்துப் பதமாகப் பிரித்தார். உள்ளே கனமான மடக்குக் கத்தி. பிடி முழுக்கச் சொரசொரப்பான இரும்பு, ஒரு பக்கம் டின் திறக்கிற கொக்கி, மறுபக்கம் தோல் துளைக்கிற தடித்த ஊசி, வாலில் ஒரு வளையம். நடுவில் பட்டாளத்து முத்திரை.

“பாருங்க” என்று சொல்லி, கட்டைவிரல் நகத்தை வைத்தார். டக். கத்தி திறந்துகொண்டது. மடக்கினார். மறுபடி டக்.

டிரைவரின் மனைவிக்கு முகம் வெளுத்தது. “இது அவரோடது இல்லீங்க.”

“பிடியில அவர் பேர் கீறியிருக்கேம்மா.”

அவள் குனிந்து பார்த்தாள். பெயர் இருந்தது. கோணல்மாணலான அவனுடைய எழுத்தேதான். பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“திறக்காதுன்னுதானே சொல்ல வந்தீங்க? நேத்து அவரும் அதையேதான் சொன்னார்” என்றார் இன்ஸ்பெக்டர். “பட்டு மாதிரி திறக்குது. பார்சல் ஆபீஸ் ஸ்டோர் மானேஜர் மாடி ஜன்னல்லேர்ந்து கண்ணால பாத்திருக்கார். ‘டிரைவர் கத்தியை எடுத்தார், ஒரே தட்டுல திறந்தார், பட்டையை அறுத்தார்.’ கத்தியைக் கண்டுபிடிச்சு அன்னைக்கே என் கையில குடுத்ததும் அவர்தான். இதுக்கு மேல என்ன வேணும்?”

அத்தை என் பக்கம் கையை நீட்டினார். நான் கைக்குட்டையைக் கொடுத்தேன். அத்தை அதன் நுனியைக் கத்தியின் மூட்டில் வைத்து ஒரு தேய் தேய்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். கைக்குட்டை என் கல்யாணத்துக்கு வந்த பரிசு. அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

வெளியே வந்ததும், “ஏம்மா, உன் புருஷன் பொய் சொல்லியிருப்பாரா?” என்று நேராகவே கேட்டார் அத்தை.

“அவரோட பல்லு பொய் சொல்லுமாங்க?” என்றாள் அவள்.

அத்தைக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

“அப்ப, எவனோ ஒருத்தன் கத்தியைத் திருடி, துருவைச் சுரண்டி, கூர் தீட்டி, அப்புறம் பழியைப் போட்டிருக்கான்” என்றேன். “ரொம்ப நாகரிகமான திருடன். கொஞ்சம் விட்டிருந்தா டிரைவரோட பல்லையும் கட்டிக் குடுத்திருப்பான்.”

“நீங்க கிண்டலுக்குச் சொன்னாலும் அதுதான் மாப்பிள்ளை கேள்வி. இந்தக் கத்தியைச் சரி பண்ணினது யாரு?” அத்தை அவளிடம் திரும்பினார். “இந்த மாதிரிக் கத்தியெல்லாம் ரிப்பேர் பண்ற ஆளுங்க யாராவது இருக்காங்களாம்மா?”

“பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சாணைக் கடை இருக்குங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பட்டாளத்துக் கத்தி வெச்சிருக்கறவங்க எல்லாம் அங்க கூடுவாங்களாம். இவருக்கும் போகணும்னு ஆசைதான். திறக்காத கத்தியைக் கொண்டு போனா சிரிப்பாங்கன்னு போகவே இல்ல.”

வெறும் கையோடு போனால் அந்தக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று அத்தை முடிவு செய்தார். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, போகிற வழியில் பழைய சாமான் சந்தையில் அதே ரகத்தில், அதே அளவு துருவோடு ஒரு கத்தி வாங்கினார். என் பேண்ட் பாக்கெட்டில் போட்டார். “நீங்கதான் கத்திக்காரர். நான் உங்க மாமியார்.”

“இரண்டாவது வேஷம் உங்களுக்குப் பழக்கமானதுதான் அத்தை.”

பட்டாளத்துக் கத்தியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். ஒவ்வொரு பள்ளத்திலும் அது தொடையில் இடித்தது. வளையம் சாவிக்கொத்தோடு சிக்கிக்கொண்டு கலகலவென்று சத்தம் போட்டது. சாணைக் கடை வாசலில் இறங்கும்போது பாக்கெட் அடித்துணி கிழிந்து, கத்தி பேண்ட் கால் வழியாக இறங்கி என் செருப்புமேல் விழுந்தது. பட்டாளத்தில் சேருகிறவர்களுக்குக் கத்தியோடு சேர்த்துத் தையற்காரரையும் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

“சாதாத் துணிப் பாக்கெட்ல போட்டீங்களா?” என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. “புதுசா?”

சாணைக்காரர் அகலமான மனிதர். சுவரெல்லாம் ரம்பங்களும் கத்தரிக்கோல்களும் தொங்கிய கடையின் பின்னறையில், பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒல்லியாக இன்னொருவர், பல் டாக்டர். இருவர் நடுவிலும் துணி விரித்து அதில் கத்திகள். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். செருப்புமேல் கிடந்த கத்தியைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

“உள்ள கான்வாஸ் வெச்சுத் தைச்சுக்கணும் தம்பி” என்று பல் டாக்டர் தன் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினார். “என் வீட்டுக்காரி கிழிஞ்ச பாக்கெட்டா தைச்சு அலுத்துப்போய், இப்ப எல்லாப் பேண்ட்டுக்கும் தோல் பாக்கெட் வெச்சுட்டா. வெயில் காலத்துல வேகுது. ஆனா கிழியல.”

“அந்த வளையத்தை வெட்டி எறிஞ்சா சத்தமும் போயிடும், சிக்கவும் சிக்காது” என்று சேர்த்துக்கொண்டார்.

“வெட்டுவீங்க” என்றார் சாணைக்காரர். “ஏன் வெட்ட மாட்டீங்க? பட்டாளத்துக்காரன் மடையன், தேவையில்லாம வெச்சான். தம்பி, இவர் கத்தியைப் பாக்கறீங்களா? மனசைத் திடப்படுத்திக்கங்க.”

பல் டாக்டர் பெருமையோடு தன் கத்தியை நீட்டினார். வளையம் இல்லை. டின் கொக்கி இல்லை. தடித்த அலகைப் பல் தேய்க்கும் மெஷினிலேயே இழைத்து மெல்லிதாக்கியிருந்தார். இரும்புப் பிடியைக் கழற்றிவிட்டு, பல் செட் செய்கிற ரோஸ் கலர் பிசினில் வழவழவென்று புதுப் பிடி வார்த்திருந்தார். கையில் எடுத்தபோது யாருடைய ஈறையோ பிடித்திருப்பதுபோல இருந்தது.

“நல்லா இருக்குங்க” என்றேன். “கடிக்காதே?”

“முத்திரையையும் தேய்ச்சுட்டார் தம்பி” என்றார் சாணைக்காரர், வீட்டில் துக்கம் நடந்த குரலில். “அசல் முத்திரை.”

“உங்களோடது அப்படியே இருக்கு, அதனால ஒரு பழத்தைக்கூட அறுக்காது” என்றார் பல் டாக்டர்.

இது வாராவாரம் நடக்கிற சண்டை என்று தெரிந்தது. அத்தை நடுவில் புகுந்து கைக்குட்டையை விரித்தார். “ஒரு கத்தியோட மூட்டைத் துடைச்சப்போ இது வந்துச்சுங்க. எண்ணெய் வாசனையே இல்ல. என்னன்னு தெரியல.”

சாணைக்காரர் அதை விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். முகம் பிரகாசமானது. “பென்சில் கரி. எண்ணெய் போட்டா தூசி ஒட்டும், பாக்கெட்ல கறை படும். கரி போட்டா வழுக்கிக்கிட்டு திறக்கும், ஒண்ணும் ஒட்டாது. இவ்வளவு நைஸா பண்றது ஒரே ஆள்தான். இது நம்ம பென்சிலோட...”

பெஞ்சுக்கு அடியில் பல் டாக்டரின் கால் போய் மோதிய சத்தம் எங்களுக்கே கேட்டது. சாணைக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

“பென்சில்னு ஒருத்தர் இருக்காரா?” என்றார் அத்தை மெதுவாக.

“இங்க யார் என்ன வேலை பாக்கறாங்க, வீடு எங்கன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்க மாட்டோம்மா” என்றார் பல் டாக்டர். “அது சங்கத்து வழக்கம். கேட்டா, வீட்டுக்காரிங்க தேடிட்டு வந்துடுவாங்க.”

எனக்கு உடம்பு சூடேறியது. திருடன் கிடைத்துவிட்டான். பெயர் இல்லை, ஊர் இல்லை, வேலை இல்லை. இதைவிட லட்சணமான திருடன் எங்கே கிடைப்பான்? நான் அத்தையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. என் துருப்பிடித்த கத்தியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“இதைத் திறக்க வைக்கணும்னா எவ்வளவு நேரம் ஆகும்?”

“நேரமா?” சாணைக்காரர் சிரித்தார். “ரெண்டு நாளாவது மண்ணெண்ணெயில ஊறணும். அவசரப்பட்டா ஆணி உடையும், இல்ல அலகு உடையும்.”

“ஒரு மத்தியானத்துல முடியாதா?”

“யாராலயும் முடியாது.”

அத்தை அசையாமல் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் கொஞ்சம் உறைத்தது. கத்தி காணாமல் போனது புதன்கிழமை மத்தியானம். சீட்டுக்கு அடியில் கிடைத்தது அன்று மாலை. நடுவில் ரெண்டு நாள் ஊறவைப்பதற்கு எந்தத் திருடனுக்கும் நேரமில்லை. அப்படியானால் துருவை எடுத்தது திருட்டுக்கு முன்னால் இல்லை. பின்னால்.

“பென்சில் இன்னைக்கு வருவாரா?” என்று கேட்டார் அத்தை.

சங்கத்து வழக்கத்தை மதித்து இருவரும் பதில் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இருக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பனியன் மாதிரி ஒரு டீ-சர்ட்டும், சாயம் போன தொப்பியும், கையில் துணிப்பையுமாக ஒரு ஆள் குனிந்து உள்ளே வந்தார். நிமிர்ந்தார். எங்களைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர்.

“நான்... ஒரு அரம் வாங்கலாம்னு வந்தேன்” என்றார்.

“வாங்க பென்சில், என்ன லேட்டு?” என்றார் சாணைக்காரர்.

திருடனைப் பிடிக்கப் போய்ப் போலீஸைப் பிடித்த முதல் துப்பறியும் நிலையம் எங்களுடையதாகத்தான் இருக்கும். நான் சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் காலை மிதித்தார். பிறகு எதுவுமே நடக்காததுபோல என் கத்தியை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

“நல்ல நேரத்துல வந்தீங்க. எங்க மாப்பிள்ளை இதை வாங்கிட்டு வந்து நிக்கறார். தேறுமா பாருங்களேன்.”

இன்ஸ்பெக்டர் வாங்கியிருக்கக் கூடாது. அரம்கூட வாங்காமல் திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் கை தானாக நீண்டது. கத்தியைத் திருப்பினார், மூட்டை விரலால் தடவினார், காதருகே வைத்து ஆட்டினார். டாக்டர் குழந்தையைப் பார்ப்பதுபோல முகம் மாறிவிட்டது.

“ஐயோ, எப்படி வெச்சிருக்காங்க பாருங்க. ஆனா தேறும். உள்ள ஸ்பிரிங் நல்லா இருக்கு.”

“டிரைவரோட கத்தி இதைவிட மோசமா இருந்துச்சோ?”

“அதுவா? இது அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லீங்க. அது கல்லு. புதன்கிழமை வீட்டுக்குக் கொண்டு போய் ஊறப் போட்டேன், வெள்ளிக்கிழமை வரைக்கும் அசையவே இல்ல. வருஷக்கணக்கா திறக்காத கத்தி. அப்புறம் பட்டறை வைஸ்ல இறுக்கிப் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா...”

அவர் குரல் தேய்ந்தது. கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார்.

“வருஷக்கணக்கா திறக்காத கத்தி” என்றார் அத்தை. “அப்ப புதன்கிழமை சாயங்காலம் அதை ஒரே தட்டுல திறந்தாங்கன்னு உங்ககிட்ட ஒருத்தர் சாட்சி சொன்னாரே, அது?”

இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். பல் டாக்டர் தன் ரோஸ் கத்தியை மெதுவாகப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

“எனக்குத் தோணவே இல்ல” என்றார் இன்ஸ்பெக்டர். “மானேஜர் சொன்னதையும் நான்தான் எழுதினேன். துருவையும் நான்தான் எடுத்தேன். நேத்து அந்த டிரைவர் ‘திறக்காது சார்’னு அழுதப்போ, திருடன் வழக்கமாப் பேசற பேச்சுன்னு நெனச்சேன். கத்தியைக் கையில எடுத்ததும் எனக்குக் கேஸ் மறந்து போச்சுங்க.”

“அந்தத் துருதான் இன்ஸ்பெக்டர் அவருக்கு இருந்த ஒரே சாட்சி. நீங்க அதைச் சுத்தமாத் துடைச்சுட்டீங்க.”

அத்தை இதைக் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். உடைந்த பல்லோடு லாக்கப்பில் உட்கார்ந்து, உண்மையைச் சொல்லிச் சொல்லி ஒருவன் பொய்யனாகிக்கொண்டிருக்கிறான்.

“பழையபடி ஆக்கிடலாமே” என்றார் பல் டாக்டர் தயக்கத்தோடு. “உப்புத் தண்ணி இருக்கு, கிளினிக்ல ஆசிட் இருக்கு. காலைக்குள்ள ஒட்டிக்கும். யாருக்கும் தெரியாது. டிரைவரும் வெளிய வந்துடுவார், பென்சிலுக்கும் ஒண்ணும் ஆகாது.”

“அருமையான யோசனை” என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

“மாப்பிள்ளை, உங்களுக்கு யோசனை பிடிச்சுதுன்னாலே எனக்கு சந்தேகம் வந்துடுது” என்றார் அத்தை. “இன்ஸ்பெக்டர், நீங்களே சொல்லுங்க. புதுத் துருவுக்கும் பழைய துருவுக்கும் வித்தியாசம் தெரியுமா, தெரியாதா?”

இன்ஸ்பெக்டர் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டார். “தெரியும். பழசு கறுத்துப் போயிருக்கும். புதுசு செங்கல் கலர்ல உதிரும். நகத்தால சுரண்டினாப் போதும்.”

“அந்த மானேஜரோட வக்கீலுக்கும் நகம் இருக்கும். அப்புறம் பொய்த் துரு வெச்சது டிரைவர் பக்கத்து ஆளுங்கன்னு ஆகும். அந்த மனுஷன் இந்த ஜென்மத்துல வெளிய வர மாட்டார். நீங்க வாயைத் திறந்து சொல்லணும். வேற வழி கிடையாது.”

“கேஸ் சாமானை வீட்டுக்குக் கொண்டு போய்த் தீட்டினேன்னா? என் வேலை போயிடும்மா.”

“போகலாம்.”

“நான் சொல்லலேன்னா?”

“நான் சொல்வேன். நான் சொன்னா, வேலையில்லாத பொம்பளை ஏதோ உளறுதும்பாங்க. இவங்க ரெண்டு பேரும் சங்கத்து வழக்கம்னு வாயைத் திறக்க மாட்டாங்க. என் மாப்பிள்ளை சொன்னா என் பொண்ணுகூட நம்ப மாட்டா. நீங்க சொன்னாத்தான் அது சாட்சி.”

இன்ஸ்பெக்டர் எழுந்தார். என் கத்தியைத் துணிமேல் வைத்தார், வளையம் நேராக இருக்கும்படி. துணிப்பையை எடுத்துக்கொண்டு குனிந்து வெளியே போனார். அரம் வாங்கவில்லை.

மறுநாள் காலை எல்லோரும் நீதிமன்றத்தில் இருந்தோம். டிரைவரைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். நெட்டையான, பாவமான மனிதன். மனைவியைத் தேடிக் கண்டுபிடித்ததும் உடைந்த பல் தெரியச் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைக் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டோர் மானேஜர் மடிப்புக் கலையாத சட்டையில் வந்திருந்தார். கேட்டதும் மனப்பாடச் செய்யுளை ஒப்பித்தார். கத்தியை எடுத்தார், ஒரே தட்டில் திறந்தார், அறுத்தார்.

இன்ஸ்பெக்டர் யூனிஃபார்மில், வெள்ளை வெளேரென்று துவைத்த கைக்குட்டையோடு சுவரோரம் நின்றிருந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. நீதிபதி பேனாவை எடுத்தார். இந்த ஆள் சொல்லப் போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. டிரைவரின் மனைவியிடம் என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

“ஐயா, ஒரு விஷயம் சொல்லணும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

சொன்னார். புதன்கிழமை கத்தி எப்படி இருந்தது, அதற்கு என்னென்ன செய்தார், எத்தனை நாள் பிடித்தது என்று எதையும் விடாமல் சொன்னார். மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. அதை அவராலும் அடக்க முடியவில்லை. “என் கைக்கு வந்தப்போ இந்தக் கத்தியை யாராலயும் திறந்திருக்க முடியாதுங்க. ஒரே தட்டுல திறந்ததைப் பாத்தேன்னு இவர் சொல்றது பொய்.”

ஸ்டோர் மானேஜர் திடீரென்று சட்டைக் காலரைத் தளர்த்தினார். வாசல் பக்கம் பார்த்தார். வாசலில் இருந்த கான்ஸ்டபிளும் அவரைப் பார்த்தார். அன்று மத்தியானமே மானேஜர் வீட்டுப் பரணில், போர்வைக்குள் சுற்றியபடி வயலின் அகப்பட்டது. தோல் பட்டையை அவர் அறுத்தது ஆபீஸ் பேப்பர் கட்டர் பிளேடால். டிரைவர் பெல்ட்டில் தொங்கிய கத்தியைத் திறந்து பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கத்தி என்றால் திறக்கும் என்று நம்பிய அப்பாவி.

“கேஸ் சாமான்ல கை வைக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?” என்றார் நீதிபதி. “ஏன் செஞ்சீங்க?”

இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டார். “அப்படியே விட மனசு வரலீங்க.”

கூண்டுக்குள்ளிருந்து டிரைவர், யாரும் கேட்காமலே, ஆர்வம் தாங்காமல் கேட்டான்: “இப்பத் திறக்குதுங்களா சார்?”

நீதிபதிகூடச் சிரித்துவிட்டார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் மானேஜர். இன்னொருவர் இன்ஸ்பெக்டர்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு டிரைவரை விட்டார்கள். மனைவி அவன் கையைப் பிடித்தவள், மணிக்கட்டை விடாமல் வராந்தாவுக்கு இழுத்து வந்தாள். அங்கே பெஞ்சில் இன்ஸ்பெக்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். மேலதிகாரியிடமிருந்து ஆள் வரும்வரை அவர் அங்கேயே இருக்க வேண்டும். தொப்பியை மடியில் வைத்திருந்தார்.

அவள் நின்றாள். அவர் எழுந்து நிற்கப் பார்த்தார்.

“உக்காருங்க சார்” என்றாள். “முந்தாநாள்லேர்ந்து உங்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டு இருக்கேன். உங்க வீட்ல இருக்கறவங்களையும் சேர்த்துத்தான்.”

“திட்டுங்கம்மா. நியாயம்தான்.”

“உங்களால இவர் ரெண்டு ராத்திரி உள்ள அழுதிருக்கார். அதை நான் மறக்க மாட்டேன்.” அவளுக்குக் கண் நிறைந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. “திட்டறதை நிறுத்த மாட்டேன் சார். ஆனா இன்னையிலேர்ந்து உங்க வீட்டு ஆளுங்களை விட்டுடறேன்.”

கணவனை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.